விரல் தூக்காத வாரம்

"மூணாவது," என்றார் ட்ரெவர் ஹாட்ரிக் தொலைபேசியில். "இந்த வருஷத்துல இது மூணாவது கங்காரு. தப்பா எடுத்துக்காதீங்க க்ளெனிஸ்."

"கங்காருகிட்ட சொல்லு ட்ரெவர். நான் ஒண்ணும் தேடிப் போய் இடிக்கல."

"தபால் நாலு மணி நேரம் லேட். வயசாகுதுல்ல, கண்ணு முன்ன மாதிரி இருக்காது. இந்தக் குளிர்காலத்துல இன்னொரு தடவை வண்டி வழியில நின்னா, அந்த ரூட்டை என் அக்கா பையனுக்குக் கொடுத்துடுவேன். புது யூட் வண்டி வாங்கி வச்சிருக்கான்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கறது ஹெட்லைட்டுக்கு. ரூட்டு என்னோடது," என்று சொல்லிவிட்டு க்ளெனிஸ் ப்ரவுஸ் தொலைபேசியை வைத்தாள்.

அடுப்படி மேசையில் ரொட்டிக்கு வெஜிமைட் தடவிக்கொண்டிருந்த நெவில் தலையைத் தூக்கினான். "என்னவாம் உங்க ஒப்பந்தக்காரனுக்கு?"

"எனக்குக் கண்ணு போச்சாம்."

"அது புதுசா என்ன? என்னைக் கட்டிக்கிட்டப்பவே போயிருந்துச்சே."

அவள் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் ஓட்டுகிற ரூட்டு அது. இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், பாதி தார், பாதி செம்மண். நாற்பத்தொரு தபால் பெட்டிகள். பெட்டி என்பது பேருக்குத்தான்: பால் கேன் ஒன்று, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, மீதி எல்லாம் தகர டிரம். கடிதம் மட்டுமா? ரொட்டித் தட்டு, கேஸ் சிலிண்டர், ஆட்டு மருந்து, யாருக்கோ ஒரு டயர் என்று வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்புவாள். ஜூலை அங்கே நடுக் குளிர்காலம்; சூரியன் வருவது ஏழு மணிக்கு மேல்தான். அதுவரை சாலை கங்காருக்களுக்குத்தான் சொந்தம். அவளுடைய ஜப்பான் வேகனுக்கோ இருபது வயது. முன்விளக்கு பழைய டார்ச் போலத்தான் எரியும்.

"இன்னைக்கே ஸெனான் பல்புக்கு ஆர்டர் போடறேன்," என்றாள். "நானே மாட்டுவேன்."

பல்பு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொட்டகையில் இருந்தார்கள். இடுப்பு போன ஆள் என்பதால் நெவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குறிப்புத் தாளைப் படித்தான். எந்த ஊரில் யார் எழுதிய தாளோ, அவனுக்கு அது ஒரே கொண்டாட்டம்.

"'கண்ணாடியை விரலால் தொடாதே. தொட்டால் துக்கம்.' சத்தியமா அப்படித்தான் போட்டிருக்கு க்ளென்."

"விரல்ல இருக்கற எண்ணெய் பட்டா சூட்டுல பல்பு வெடிச்சுடும். அதைத்தான் சொல்றான். மேல படி."

"முதல்ல பாட்டரி வயரைக் கழட்டணுமாம்."

"கழட்டியாச்சு."

"நெகட்டிவ் வயரைத்தானே?"

"நாப்பது வருஷம் ஆட்டு மயிரு கத்தரிச்ச மனுஷன் எனக்குக் கரண்ட்டு சொல்லிக்கொடுக்காதே."

பழைய பல்பை உருவி எடுத்தாள். விளக்கின் பின்மூடியில் துளை போட்டு ரப்பர் வளையம் கொடுத்து வயரை நுழைத்தாள். ஸெனான் பல்பில் எரியும் கம்பி கிடையாது. வாயுவுக்குள் பொறி தாவி எரிவதுதான். அந்தப் பொறியைக் கொடுக்கும் அலுமினியப் பெட்டி இரண்டையும் பம்பருக்குப் பின்னால் முடுக்கினாள். ஃப்யூஸ் வைத்து பாட்டரியோடு சேர்த்தாள். விரல் முட்டி ரத்தம் கண்டது. நெவில் டீ ஊற்றி வைத்தது ஆறிப்போனது.

"விலகிக்கோ," என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டாள்.

ஊதாவாக ஒரு வெட்டு. பிறகு நீலம். நாலைந்து நொடியில் கொட்டகைத் தகரம் முழுக்க வெள்ளை வெளிச்சம் கொட்டியது. மூலையில் இருந்த எலி எதிலிருந்து ஓடுவது என்று தெரியாமல் நின்றது.

"கடவுளே," என்றான் நெவில். "இதைப் பார்த்தா ட்ரெவருக்குத்தான் கண்ணு போகும்."

"போகட்டும்!"

திங்கட்கிழமை இருட்டில் அவள் ராணி போலப் போனாள். வண்டிக்கு முன்னே சாலையின் கல்லை எண்ணலாம். எதிர்ப்பட்ட ஒவ்வொரு பலகையும் முகத்தில் அறைவது போலத் திருப்பி மின்னியது. அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேறொன்று கிடைத்தது.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரெதிரே வருகிறவர்கள் ஸ்டீயரிங்கை விடாமல் ஒரு சுட்டுவிரலை மட்டும் தூக்குவார்கள். 'வந்தியா, நல்லாயிருக்கியா, போய் வா' எல்லாம் அந்த ஒரு விரலில் அடக்கம். கருக்கல் வெளுத்து முகம் தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில்தான் அவளுக்கு எதிரே வண்டிகள் வரும். அன்றைக்கு முதலில் வந்த ஆட்டு லாரிக்காரன் விரல் தூக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா ஆர்டிலும் திருப்பிக்கொண்டாள். முப்பது வருஷச் சிநேகிதி!

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

"ட்ரெவர் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான்," என்றாள் நெவிலிடம். "க்ளெனிஸ் கதை முடிஞ்சுது, அவளுக்கு விரல் தூக்கி என்ன பிரயோசனம்னு."

"வெர்னாவுமா? நம்ப முடியலையே."

"முகத்தைத் திருப்பினா நெவில். நான் பார்த்தேன். சரி, எனக்கும் விரல் இல்லைன்னு வச்சுக்கட்டும்."

வியாழக்கிழமை அவளும் விரல் தூக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, மூக்கு நேரே பார்த்துக்கொண்டு, அந்த ஊரையே கடப்பது போல ஒவ்வொரு வண்டியையும் கடந்தாள்.

வெள்ளிக்கிழமை சிவப்பு டாங்க் முனையில் பள்ளிப் பேருந்து சாலைக்குக் குறுக்கே நின்றது. இடுப்பில் கை வைத்து வெர்னா நடுச்சாலையில் நின்றாள்.

"விளக்கை அணைடி முதல்ல!"

க்ளெனிஸ் அணைத்துவிட்டு இறங்கினாள். "வழியை விடு. தபால் போகணும்."

"நீ என்னைக் கொல்லணும்னே கிளம்பியிருக்கியா?"

"நானா? நாலு நாளா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனது யாரு? ஒரு விரல் தூக்கினா உனக்கு என்ன குறைஞ்சுபோயிடும்?"

"எந்த விரலைத் தூக்கறது? பத்து விரலும் மூஞ்சி மேல இருந்துச்சு!" என்று கத்தினாள் வெர்னா. "எதிர்ல வந்து பாரு, தெரியும். நேத்து ஒண்ணுமே தெரியாம சரளையில இறங்கிட்டேன். இன்னும் ரெண்டு முழம் போயிருந்தா ஓடைக்குள்ள கிடந்திருப்பேன். நல்லவேளை, அப்ப பிள்ளைங்க ஏறல. ஏறியிருந்தா? இருபத்திரண்டு பேரு க்ளெனிஸ்."

க்ளெனிஸ் அணைத்த விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, ட்ரெவர் சொல்லி இல்லையா?"

"ட்ரெவரா? அவன் சொன்னா எங்க வீட்டு நாய்கூடக் கேட்காது."

விடியும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டுத்தான் க்ளெனிஸ் வண்டியை எடுத்தாள். அன்றைக்கு நாற்பத்தொரு பெட்டிக்கும் தபால் அரை மணி லேட். யாரும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் உறுத்தியது.

சாயங்காலம் நேராகச் சுருட்டையிடம் போனாள். ஊரில் வண்டி பழுது பார்ப்பதும், வருஷாந்தரத் தகுதிச் சீட்டு எழுதுவதும், நொறுங்கிய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்பதும் அவன்தான். தலையில் ஒரு முடி கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

சுருட்டை விளக்கின் முன் குனிந்தவன் உடனே நிமிர்ந்துவிட்டான். "இதுக்கு நான் சீட்டு எழுத மாட்டேன் க்ளென். உன் விளக்குக் கிண்ணம் பழைய பல்புக்குன்னு செஞ்சது. அதுல இதைச் சொருகினா வெளிச்சம் கண்ட பக்கமும் சிதறும். உனக்குக் கிட்டக்கதான் பளிச்சுனு இருக்கும், தூரம் ஒண்ணும் கூடாது. அதோட நீ பின்னாடி ஏத்தற மூட்டைக்கு வண்டி மூக்கு மேல தூக்கும். எல்லாம் எதிர்ல வர்றவன் கண்ணுக்குள்ளதான். பழைய பல்பையே மாட்டு. உன் சீட்டு திங்கக்கிழமையோட முடியுதே, தெரியுமா?"

"பழசை மாட்டினா நாலாவது கங்காரு. ரூட்டு போயிடும். அது நடக்காது."

"சட்டத்துக்கு என்ன பதில் சொல்லப்போறே?"

"சட்டம் என்னதான் கேட்குது? அதைச் சொல்லு."

சுருட்டை விரல் விட்டு எண்ணினான். "ஸெனானுக்குன்னே செஞ்ச லென்ஸ் விளக்கு வேணும். பாரம் ஏறினா தானே தாழ்ந்துக்கணும். அழுக்கு பட்டா தானே கழுவிக்கணும். உன் வண்டியிலேயே விலை கூடின ரகத்துல எல்லாம் ஃபாக்டரியிலேயே வச்சு வரும். உன்னோடது சாதா ரகம்."

"அந்த ரகம் உன் கிடங்குல இருக்கா?"

அவன் வேலிப் பக்கம் பார்த்தான். அங்கே, பின்பக்கம் அப்பளமாக நொறுங்கி, முன்பக்கம் கீறல் இல்லாமல் ஒரு நீல நிற வேகன் நின்றது.

"வேண்டாம் க்ளென். முழுசா ரெண்டு நாள் வேலை. எனக்கு ஆகஸ்ட் வரைக்கும் நேரம் கிடையாது."

"உன் நேரத்தை யாரு கேட்டா? ஸ்பேனர் செட்டைக் கொடு."

சனிக்கிழமை விடிந்ததும், உறைபனி படிந்த புல்லில் சாக்கை விரித்து அவள் அந்த நீல வண்டிக்கு அடியில் படுத்தாள். பம்பரைக் கழற்றினாள். விளக்கு இரண்டு, தண்ணீர் பீச்சும் குழாய், அதன் தொட்டி, பின்சக்கரக் கையில் இருந்து பாரத்தை அளந்து சொல்லும் சென்சார் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினாள். பத்து மணிக்குச் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.

"ஊரே கண்ணைக் கசக்குதுன்னு கேள்விப்பட்டேன்," என்றார் ட்ரெவர். "அக்கா பையன் திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடட்டுமா?"

"என் தப்பை நான் வெர்னாகிட்ட ஒத்துக்கிட்டேன். உன்கிட்ட ஒத்துக்க ஒண்ணுமில்ல. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? தகுதிச் சீட்டு உள்ள வண்டி, நேரத்துக்குத் தபால். திங்கக்கிழமை ரெண்டும் இருக்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி சாவியை நானே உன் கையில கொடுக்கறேன். இப்ப வை. தலைக்கு மேல தண்ணித் தொட்டி தொங்குது."

ஞாயிறு மாலை, எல்லாவற்றையும் அவள் தன் வேகனில் மாட்டி முடித்ததும், சுருட்டை அவள் கொட்டகைக்கு வந்தான். "லீவு நாள்ல சீட்டு எழுதினேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி எனக்குச் சீட்டு கிழிச்சுடுவா," என்று முனகிக்கொண்டே விளக்கைப் போடச் சொன்னான். தகரச் சுவரில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே பகல்; மேலே இருட்டு. சுருட்டை அளந்து, கோட்டின் மேல் டேப் ஒட்டினான்.

"சும்மா இருக்கறப்ப சரி. பாரம் ஏத்து."

"மூட்டை எல்லாம் தபாலாபீஸ்ல இருக்கே," என்றாள் க்ளெனிஸ். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நெவிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாட்டேன்," என்றான் நெவில்.

"நூத்திப் பத்து கிலோ. அளவு எடுத்தாப்ல இருக்கே. ஏறு."

வண்டியின் பின்னால் அவன் ஏறி உட்கார்ந்ததும் வேகன் முனகிக்கொண்டு தாழ்ந்தது. சுவரில் கோடு ஒரு சாண் மேலே போனது. முன்னால் எங்கோ 'ஙீ' என்று ஒரு சின்ன மோட்டார் சத்தம். கோடு மெல்ல இறங்கி வந்து டேப்பின் மேலேயே படுத்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றது பின்பக்கத்துக் குரல்.

"ஆடாதே! இன்னொரு தடவை."

இறங்கினான், ஏறினான். இரண்டு தரமும் கோடு தன் இடத்துக்கே வந்தது. சுருட்டை கதவின் மேல் காகிதத்தை வைத்து எழுதினான். "வயரிங் என்னோட பையன் பண்றதைவிடச் சுத்தமா இருக்கு," என்றான் தயக்கத்தோடு. "அவன்கிட்ட சொல்லிடாதே."

திங்கள் காலை ஐந்து மணிக்குத் தபாலாபீஸ் பின்முற்றத்தில் ட்ரெவரே வந்து நின்றார். பக்கத்தில் பளபளக்கும் யூட், கூரை மேல் வரிசையாக விளக்கு. க்ளெனிஸ் சீட்டை அவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாரம் ஏறினா மறுபடியும் எல்லார் கண்ணுலயும்தான் அடிக்கும்."

"ஏத்திப் பாரு. சும்மாதானே நிக்கறே."

வேறு வழியில்லாமல் மூட்டைகளைத் தூக்கிப் போட்டார். ரொட்டித் தட்டு, சிலிண்டர், எல்லாம் ஏறின. செங்கல் சுவரில் கோடு எழும்பியது; தானே இறங்கியது.

"என்ன அது?"

"எதிர்ல வர்றவங்களுக்குக் காட்டற மரியாதை," என்றாள் க்ளெனிஸ். "உன் அக்கா பையன் யூட்ல அது இருக்கான்னு கேட்டுப் பாரு. நகரு, அஞ்சரை ஆகுது."

செம்மண் சாலையில் இப்போது வெளிச்சம் கொட்டவில்லை, நீண்டது. தூரத்தில் வேலியோரம் இரண்டு காது தெரிந்தது. வேகத்தைக் குறைத்து, நிறுத்தியே விட்டாள். பெரிய ஆண் கங்காரு ஒன்று நடுச்சாலையில் வந்து நின்று அவளைப் பார்த்து அசை போட்டது.

"நீதான் நாலாவது," என்றாள் கண்ணாடியை இறக்கி. "முழுசா வீட்டுக்குப் போ. ட்ரெவர் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கான், அவனுக்குக் கொடுத்துவைக்கல."

அது தன் இஷ்டத்துக்குத் தாண்டிப் போனது.

சிவப்பு டாங்க் முனைக்கு வரும்போது கருக்கல் வெளுத்திருந்தது. எதிரே பேருந்து. தானாக முதலில் தூக்கக் கூடாது என்று வியாழக்கிழமை போட்ட சபதம் நினைவுக்கு வந்தது. அந்தச் சபதத்தைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, க்ளெனிஸ் சுட்டுவிரலை நிமிர்த்தினாள்.

பேருந்தின் கண்ணாடிக்குள் வெர்னா ஸ்டீயரிங்கை ஒரு கண்ணிமைப்பு விட்டுவிட்டு, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"ஸ்டீயரிங்கைப் பிடிடி!" என்று கத்தினாள் க்ளெனிஸ், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.