வாங்குவதற்கு முன்னால் விற்பது

பள்ளிக்கூட வேன் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குச் சொந்தபந்தம் முழுக்க ‘சரிங்க’ என்றுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் வாயில் வருவது அந்த ஒரே வார்த்தை. டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போனவர் முதுகு பிடித்துவிடும் தலையணையோடு திரும்பி வந்திருக்கிறார். பேட்டரி வரவில்லை. கடைக்காரர் நல்ல மனிதராம், அவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னாராம். மகள் கல்யாணமாகிப் போனபோது அம்மாவிடம் சொன்ன ஒரே புத்திமதி, “அப்பாவைத் தனியா கடைக்கு அனுப்பாதம்மா” என்பதுதான்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, “வேணாம்” என்றார்.

அவர் மனைவிக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பல் ஆஸ்பத்திரிகளுக்கு கேப் செய்து கொடுக்கும் லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மெழுகில் பல் செதுக்கி, அச்செடுத்து, தங்கத்தை உருக்கி ஊற்றியவள். “ஊர்ல பாதிப் பேர் வாயைத் திறந்தா என் வேலைதான் மின்னும்” என்று பெருமையடிப்பாள். அதில் பொய்யும் இல்லை. இந்த மாதத்தோடு அவளுக்கும் ஓய்வு. கைக்கு மொத்தமாக ஒரு தொகை வரப்போகிறது. அதைப் பத்துப் பங்காக்கி, ஒரு பங்குக்குத் தங்கக் காசும் கொஞ்சம் வெள்ளியும், மிச்சமெல்லாம் பேங்கில் என்று முடிவு செய்துவிட்டாள். அவரிடம் சொன்னது தகவலுக்காகத்தான். அந்த வீட்டில் அனுமதி கேட்கிற வழக்கமே கிடையாது.

“என்ன வேணாம்?”

“தங்கம் வேணாம். வெள்ளியும் வேணாம். மின்னுறதெல்லாம் பொன்னில்லை.”

“மின்னாததெல்லாம் மட்டும் பொன்னா? முப்பது வருஷம் உருக்கியிருக்கேன், எனக்கே சொல்றீங்களே!”

“தங்கம் வட்டி போடுமா? சும்மா தூங்கும்.”

“தூங்கட்டும். விலைவாசி ஏறும்போது பேங்க்ல இருக்கற காசு இளைச்சுப் போகும். இது கூடவே ஏறி நிக்கும்.”

“இறங்கவும் செய்யும்.”

“செய்யும்தான். அதனாலதான் பத்துல ஒண்ணு. முழுசையும் கொட்டறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?”

“வெள்ளி கறுத்துப் போகும்.”

“நீங்களும்தான் நரைச்சுப் போயிட்டீங்க. நான் வச்சுக்கலையா?”

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரித்துவிடுவார். இன்று சிரிக்கவில்லை. திருடன் வருவான் என்றார். பேங்க் லாக்கர் என்றாள். செய்கூலி போகும் என்றார். நகைக்குத்தான் அது, நான் வாங்குவது காசு என்றாள். அவர் ஒரு காரணம் எடுக்க, அவள் அதை அந்த நிமிஷமே அடித்துப் போட, தோசைக்கல் ஆறும் வரை நடந்தது. அத்தனையிலும் அவள்தான் ஜெயித்தாள். ஆனாலும் மனிதர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் தலையாட்டுவீங்க. பொண்டாட்டி ஒண்ணு சொன்னா மட்டும் வேணாமா?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “நீ வாங்குவ. நீ வாங்கினா சரியாத்தான் வாங்குவ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதை விக்கப் போறது யாரு?”

“யாரு?”

“போன வருஷம் உன் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்கல்ல. அன்னைக்கு வெளிய உக்காந்து யோசிச்சேன். ஒருவேளை நான் மட்டும் மிச்சமாயிட்டா? ஒரு நாள் பணம் வேணும்னு நான்தான் போய்க் கடையில நிக்கணும். அந்தப் பக்கம் இருக்கறவன், ‘ஐயா, இதுல மாத்து குறையுதே’ன்னு சொல்லுவான். நான் என்ன சொல்லுவேன்னு உனக்கே தெரியும். பேங்க்ல போட்டா மாசாமாசம் அதுவா வந்துடும். எவன்கிட்டயும் பேச வேண்டியதில்ல. நீ இல்லாம நான் எவன்கிட்ட போய் என்னத்தைப் பேசுவேன்?”

ஒரு வருஷமாக இந்த மனிதர் இதை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார், கூடவே படுத்து எழுந்திருக்கிறவளுக்கு அது தெரியவில்லை. ஆனால் கலங்கி உட்காருகிற ஜாதி இல்லை அவள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, லேபில் இருபத்தைந்து வருஷம் முடித்ததற்கு முதலாளி கொடுத்த தங்கக் காசைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

“சரி. வாங்கறதுக்கு முன்னாடி வித்துப் பாப்போம். நான் இருக்கும்போதே பழகிக்குங்க. இதை உங்களால ஒழுங்கா விக்க முடிஞ்சா வாங்கறோம். முடியலைன்னா முழுசும் பேங்க்குக்குப் போகட்டும், அப்புறம் நான் மூச்சு விட மாட்டேன்.”

ஒத்திகை அங்கேயே நடந்தது. அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கடைக்காரரானாள். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ரொம்பத் தேஞ்சிருக்கே ஐயா” என்றாள்.

“ஆமாங்க, வாங்கி ரொம்ப நாளாச்சு.”

“ஐயோ! நீங்க யார் பக்கம்?”

இரண்டாவது தரம், “டீ சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள். டீ கொடுத்த பாவத்துக்குப் பாதி விலைக்கே தந்துவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “டீயைக் குடிங்க, வேணாங்கல. எவ்ளோ கழிக்கிறீங்க, ஏன் கழிக்கிறீங்கன்னு கேளுங்க. பதில் பிடிக்கலைன்னா காசை எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டு எழுந்திருங்க. அவ்ளோதான்.”

“அவர் மனசு கஷ்டப்படாதா?”

“படட்டுமே!”

சாயங்காலம் நகைக்கடைத் தெருவுக்குப் போனார்கள். கடைகளுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி தெருவைத் தாண்டி முதல் கடைக்குள் போனார்.

போன வேகத்தில் திரும்பினார். முகம் தொங்கியிருந்தது. “மாத்து குறையுதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘அப்படியாங்க’ன்னேன்.”

அதுவே முன்னேற்றம்தான் என்று அவளுக்குப் பட்டது. காசு கையோடு திரும்பி வந்திருக்கிறதே! ஆனாலும் கை துறுதுறுத்தது. அந்தக் காசின் மாற்று என்னவென்று அவளுக்கா தெரியாது? உள்ளே போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று எழுந்தாள்.

அவர் கை நீட்டித் தடுத்தார். “உக்காரு. நீ வந்தா அது உன் வியாபாரம்.”

இப்படி ஒரு குரல் இந்த மனிதரிடம் இருக்கிறதா என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் இன்னும் நாலு கடை தள்ளி, பெரிய கண்ணாடி போட்ட ஒரு கடைக்குள் போனார். வெளியிலிருந்து எல்லாம் தெரிந்தது. கடைக்காரர் காசை உரசினார், மெஷினில் வைத்தார், தராசில் போட்டார். டீ வந்தது. இவர் குடித்தார். அடப்பாவி மனுஷா, குடிக்கிறாரே என்று இவளுக்குப் பதறியது. கடைக்காரர் வாய் ஓயாமல் அசைந்தது. இவர் ஏதோ ஒன்று கேட்டார். மறுபடி அந்த வாய் அசைந்தது. இவர் டம்ளரைக் கீழே வைத்தார், காசை எடுத்துப் பைக்குள் போட்டார், எழுந்தார்.

கடைக்காரரும் எழுந்துவிட்டார். மேஜைக்கு மேலாகக் கை நீட்டிக் கூப்பிட்டார். இவர் கதவு வரைக்கும் வந்து, நின்று, யோசித்து, திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவள் வாங்கிய ஜூஸ் பெஞ்சு மேல் அப்படியே இருந்தது. ஈ மொய்த்தது, அவள் விரட்டவில்லை.

கடைசியில் ஒரு கவரோடு வெளியே வந்தார். தெருவைத் தாண்டி வந்த நடையே வேறு. கவரை அவளிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தாள். அவள் மனக்கணக்காகப் போட்டிருந்ததை விட அதிகமாகவே இருந்தது.

“எப்படிங்க?”

“கழிவு போகும்னான். ‘நகையில கல்லு இருக்கும், அரக்கு இருக்கும், கழிக்கிறது நியாயம். காசுல என்னங்க இருக்கு கழிக்க?’ன்னு கேட்டேன். சுத்தி வளைச்சான். எழுந்துட்டேன்.”

“இதை நான் சொல்லிக் குடுக்கலையே.”

“நீ சொன்னதெல்லாம் உள்ள போனதும் மறந்து போச்சும்மா. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.” ஒரு குழந்தையின் சந்தோஷம் முகத்தில். “வா, வா. நீ கேட்டதை வாங்கிடலாம். இனிமே எனக்குப் பயமில்ல.”

அவள் எழுந்திருக்கவில்லை. மாலை மாலையாகக் கண்ணீர் வழிந்தது. நடுத்தெருவில், ஜூஸ் கடைக்காரர் பார்க்க, லேபில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கியவள் அழுதாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“என்னம்மா? குறைச்சலா வித்துட்டேனா?”

“இல்லீங்க. நல்லாத்தான் வித்திருக்கீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “கொஞ்சமாவது சொதப்பியிருக்கக் கூடாதா? நான் இல்லாம இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே ஓடாதுன்னு இத்தனை வருஷம் தெம்பா இருந்தேன். இனிமே நான் போனாலும் உங்களுக்கு நடக்கும்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜூஸ் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விக்கத் தெரிஞ்சுடுச்சுதான். ஆனா கதவைத் திறந்து வெளிய வந்ததும் முதல்ல எங்க பாத்தேன் தெரியுமா? இந்த பெஞ்சைத்தான். வித்துட்டு வந்து யார்கிட்டம்மா சொல்லுவேன்?”