லட்சுமிக்கு எத்தனை விரல்

பாளையம்பட்டி துர்காதேவிக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. வரைந்த படத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் ஒரு வகை. தெரியாமலே பார்த்துவிட்டு 'சூப்பர்' என்பவர்கள் இன்னொரு வகை. சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேரை இந்த இரண்டுக்குள் அடைத்துவிட்டாள்.

அவள் செய்தது காகித வேலை. சிவகாசி, சாத்தூர் பக்கம் பழைய பேப்பர் கடைகளில் குனிந்து கிளறி, அந்தக் காலத்துத் தீப்பெட்டி லேபிள்களையும் காலண்டர் படங்களையும் பொறுக்கி வருவாள். தண்ணீரில் ஊறப்போட்டு, முதுகில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டி, நிழலில் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டிக் கல்யாண ஆல்பமும் பரிசுப் பெட்டியும் செய்வாள். சென்னை, பெங்களூருக்காரர்கள் போனில் பார்த்து வாங்கினார்கள். புருஷன் தங்கபாண்டிக்குப் பாலவனத்தத்தில் மானாவாரி நிலம். மழை ஏமாற்றிய வருஷங்களில் வீட்டைத் தாங்கியது இந்தக் காகிதம்தான் என்பதை அவரும் ஒத்துக்கொள்வார், குரலைத் தணித்து.

நாத்தனார் ரேணுகாதேவி வாழ்க்கைப்பட்டது திருச்சுழியில். அவள் மகள் ஜெகதீஸ்வரிக்குக் கல்யாணம் முடிவானதும், தாம்பூலப் பெட்டிகளைத் தானே செய்து தருவதாகத் துர்கா சொல்லியிருந்தாள். ஒருநாள் ரேணுகா வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீக. பெட்டிய எங்க கொழுந்தன் பாத்துக்கிடுதேன்னுட்டாரு. ஏஐன்னு ஒண்ணு வந்திருக்காம்ல, என்ன வேணும்னு சொன்னாப் போதுமாம், பழைய காலத்துப் படத்த அதுவே வரைஞ்சு தந்துருதாம்."

"பழைய காலத்துப் படத்த இன்னைக்கு வரையுதாக்கும்? நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு நேத்தே மொட்டை போட்டிருமா அது?"

ரேணுகா சிரித்து மழுப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். அந்தக் கொழுந்தன் விஜயபாண்டி அருப்புக்கோட்டையில் பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருந்தான். செத்தவர்களையும் கட்சிக்காரர்களையும் ஒரே சிரிப்போடு அச்சடிக்கிறவன் என்பது துர்காவின் கணக்கு.

கல்யாணத்தன்று திருச்சுழி மண்டபத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. துர்கா ஒன்றை எடுத்துத் திருப்பினாள். தாமரையில் லட்சுமி, இருபக்கமும் யானை. ஒரு யானையின் தும்பிக்கை நுனியில் தாமரைத் தண்டாக மாறியிருந்தது. கீழே எழுத்து, தூரத்தில் தமிழ் மாதிரி, கிட்டத்தில் எதுவும் இல்லை. பழசாகத் தெரிய வேண்டுமென்று டீக்கறை வேறு. எல்லாப் பெட்டியிலும் அதே மூலையில் அதே கறை. ஆசி தரும் கையில் விரல்களை எண்ணினாள். ஆறு.

பந்தி வாசலில் நின்ற விஜயபாண்டியிடம் போனாள். "தம்பி, இது என்ன எழுத்து?"

"அது அந்தக் காலத்து எழுத்துக்கா."

"எந்தக் காலம்? எழுத்தே பிறக்காத காலமா? சரி, விரலயாவது எண்ணிப் பாத்தியா?"

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ரேணுகாவின் மாமியார் சந்தனம்மாள் நிமிர்ந்தாள். "ஏத்தா, சாமிக்கு நாலு கை இருக்கு, அத ஒருநாளும் கேக்கல. ஒரு விரல் கூடிருச்சுன்னு கேக்க வந்துட்டயாக்கும்!"

பந்திக்குக் காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துர்கா பெட்டியை நாற்காலியில் வைத்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தாம்பூலம் வாங்காமலே பஸ் ஏறினாள். தாய்மாமன் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்ற பேச்சு, அவள் வீடு சேருமுன்பே அருப்புக்கோட்டையைத் தாண்டிவிட்டது.

வந்த வேகத்தில் போனில் ஆல்பம் விற்கிற தன் பக்கத்தில் அந்தப் பெட்டியின் போட்டோவைப் போட்டு எழுதினாள்: 'பழைய படம் என்று ஏமாறாதீர்கள். விரலை எண்ணுங்கள். ஆறு இருந்தால் போலி.' அது எங்கெங்கோ பரவியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாராட்டினார்கள். அவர்களுக்கும் படம் பார்க்கத் தெரியாது என்பதில் துர்காவுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பாராட்டை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஓர் ஆல்பம் திரும்பி வந்தது. அனுசியா என்ற வாடிக்கைக்காரி அதோடு போனில் செய்தியும் அனுப்பியிருந்தாள்: 'நீங்கள் சொன்னபடி எண்ணினேன். அட்டைப்பட லட்சுமிக்கு ஆறு விரல். இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை.'

துர்கா பூதக்கண்ணாடியை எடுத்தாள். தீப்பெட்டிப் பண்டல் மேல் ஒட்டுகிற பெரிய லேபிள் அது. சாத்தூரில் அவளே கையால் உரித்து எடுத்தது. உதட்டுச் சிவப்பு இடம் தப்பிக் கன்னத்தில் விழுந்திருந்தது, அந்தக் கால அச்சு அப்படித்தான். கையைப் பார்த்தாள். ஆறேதான். வரைந்த புண்ணியவான் சுண்டு விரலை இரண்டு தடவை போட்டிருந்தான். இத்தனை நாள் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

உடனே அனுசியாவை அழைத்தாள். "அது ஒரிஜினல்ங்க. சுரண்டினது போக ஓரத்துல பழைய பசை இன்னும் இருக்குங்க."

"ஒட்டினது நீங்கதானே? பசை இருக்கத்தானே செய்யும்?"

துர்கா போனை வைத்துவிட்டாள்.

சேதி எப்படியோ விஜயபாண்டி காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினான். "என்னக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுதான் வரைஞ்சு தாரான் போல!"

"வாய மூடு. என் ஆளு தப்பா வரைஞ்சான்டா. அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சலோ, முதலாளி ஏச்சோ, என்ன எழவோ! தப்புப் பண்ண அவனுக்கு ஒரு கை இருந்துச்சு. உன்னோடதுக்கு என்ன இருந்துச்சு?"

"எல்லாஞ் சரிக்கா. எண்ணிப் பாத்தா ரெண்டுலயும் ஆறுதான?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை அவனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதும் தெரிந்திருந்தது. காபி கொடுத்து அனுப்பினாள், ஆறிப்போன காபி.

அவன் போனபின் போனை எடுத்து அந்த விரல் எண்ணும் பதிவை அழித்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் பீரோவுக்கு மேலிருந்து தன் கல்யாணப் போட்டோக்களை இறக்கினாள். ஸ்டுடியோக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே கிடந்தவை. ஊருக்கெல்லாம் ஆல்பம் செய்தவள் தனக்கென்று ஒன்று செய்துகொள்ளவில்லை. திரும்பி வந்த ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தாள்.

நிலத்திலிருந்து வந்த தங்கபாண்டி எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கே. இத விக்கலயா?"

"வாங்குறதுக்கு ஒருத்தருக்கும் யோக்கியத இல்ல" என்றாள், பசையைக் கலக்கிக்கொண்டே. "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீக."