கொலோனியாவில் எடுத்த படம்

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் விக்னராஜா. சிட்னியில், ஹோம்புஷில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது சொன்னார். கொலோனியாவை அவரும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. அதனால் 'போர்த்துக்கேயர் கட்டிய கல்வாசலில் வெயில் சாய்ந்து...' என்று தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன்.

2
சிட்னி, 1975. விக்னராஜாவின் மாணவர் விசா முடிந்து ஏழு மாதமாகியிருந்தது. மெத்தைத் தொழிற்சாலையில் ஒளித்து வேலை. பக்கத்து மெஷினில் ஒராசியோ. உருகுவே நாட்டில், கொலோனியா என்ற சின்ன நகரத்தில் ஆசிரியராக இருந்தவர். இராணுவம் தேடியதால் தப்பி வந்தவர். ஒருநாள் விக்னராஜா சமையலறையைக் 'குசினி' என்றதும், எங்களுக்கும் அது 'கொசினா'தான் என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து சிநேகம்.

(இருவர் ஊரிலும் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். அதைப்பற்றி நாலு பக்கம் எழுத ஆசைதான். கதை தாங்காது.)

3
ஒரு மத்தியானம், கோட் போட்ட ஒருவன் தொழிற்சாலை வாசலில் விக்னராஜாவை மறித்துப் படமொன்றை நீட்டினான். கல் பாவிய தெரு, கோட்டைவாசல், அதன் கீழ் ஒராசியோவும் ஒரு பெண்ணும். இவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டான். தெரியாது என்றார். அவன் குரலை உயர்த்தாமல், விக்னராஜாவின் விசா முடிந்த தேதியைச் சொன்னான். நாளைக்கும் வருவேன் என்றான்.

[இந்த இடத்தில் அவரைத் துணிச்சல்காரராக எழுதிக் காட்டினேன். "பொய் எழுதாதையும் தம்பி, எனக்குச் சரியான பயம்" என்றார்.]

அன்று பின்னேரமே ஒராசியோவிடம் ஓடினார். தப்பிவிடு என்று சொல்லத்தான் போனார். ஒராசியோ படத்தைப்பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் படம் ஒன்றுதான் உண்டு. கொலோனியாவில், படத்தில் கூட நின்ற தங்கையின் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது.

"அவளிட்டை போயிட்டாங்கள்," என்றார். பிறகு, "என்ரை விலாசத்தைக் குடு. அவளை விடட்டும்."

அரைகுறை ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்பார். விக்னராஜாவின் நினைவில் அது தமிழாகிவிட்டது.

4
மறுநாள் வந்தவனிடம் விக்னராஜா விலாசத்தைக் கொடுத்தார்.

'மூன்றாம் நாள் கதவு தட்டப்பட, ஒராசியோ...' இல்லை. ஒரு கிழமை யாரும் வரவில்லை. அடுத்த திங்கள் ஒராசியோ வேலைக்கு வரவில்லை. இரண்டு பேர் வந்ததாகவும், ஒராசியோ முகம் வழித்து டை கட்டித் தானாகவே கூடப் போனதாகவும் அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி சொன்னாள். அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த வருடம் விசா முடிந்தவர்களுக்கு அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. விக்னராஜாவுக்கு விசா கிடைத்தது.

5
ஒராசியோ தங்கையை மீட்டார் என்று ஒரு முடிவும், ஊர் போய்ச் சேரவில்லை என்று ஒரு முடிவும் எழுதி விக்னராஜாவிடம் காட்டினேன். இரண்டையும் திருப்பித் தந்தார். அவருக்குத் தெரியவேண்டியது வேறு.

"அவர் கேட்டதாலை குடுத்தனானோ, எனக்குப் பயத்திலை குடுத்தனானோ?"

அந்த முடிவை உங்களிடம் விடுகிறேன். வாசகரே, விக்னராஜா இன்னும் உயிரோடிருக்கிறார். கவனமாக எழுதுங்கள்.