தேங்க வேண்டிய ரத்தம்

என் மனைவி லோகநாயகியின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. வெடித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். டாக்டர் ஷோபனா தொடையின் ரத்தக்குழாய் வழியாகப் போய், புடைப்பின் வாய்க்குக் குறுக்கே, சல்லடை போலக் கம்பியால் பின்னிய ஒரு சிறு குழாயை, ஸ்டென்ட்டை, வைத்தார்.

"இனிமே ரத்தம் குழாயில நேரா போயிடும். புடைப்புக்குள்ள போறது வேகம் குறைஞ்சு, தேங்கி, உறைஞ்சிடும். மாசக்கணக்குல மெல்ல சுருங்கும்" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் எண்ணெய்க் குழாய்களில் அழுத்தம் சோதித்தவன் இந்த சிவராமன். ஓடுவது எண்ணெயானால் என்ன, ரத்தமானால் என்ன? இந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், மாத்திரை அட்டைகளை வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு மாத்திரைகள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தவை. புடைப்பிலோ ரத்தம் உறைய வேண்டும். ஒருவன் மூடும் வால்வை இன்னொருவன் திறப்பானா? டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த இரண்டையும் நிறுத்தினேன்.

"அந்த ரெண்டு மாத்திரை இன்னாங்க ஆச்சு?" என்று லோகநாயகி கேட்டாள்.

"போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

அவள் நம்பினாள். என்னை எப்போதுமே நம்புவாள்.

ஆறாம் நாள் காலை அவள் கையிலிருந்து தோசைக் கரண்டி நழுவியது. என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போது பாதி உயிர் எனக்குப் போய்விட்டது.

மருந்து ஏற்றி அடைப்பைக் கரைத்தார்கள். மதியத்துக்கு மேல்தான் பேச்சு திரும்பியது. ஷோபனா கட்டிலருகே வந்து நின்றார்.

"ஸ்டென்ட் கம்பி மேல ரத்தம் உறைஞ்சிருக்கு. தேங்குற ரத்தம் மாத்திரை போட்டாலும் உறையும். ஆனா கம்பி மேல ரத்தக்குழாயோட உள்தோல் வளர்ந்து மூடுற வரைக்கும், ஓடுற பாதையில உறையக் கூடாது. அதுக்குத்தான் அந்த ரெண்டு மாத்திரை. யாரு நிறுத்தினது?"

லோகநாயகி என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது போல.

"நான்தான் டாக்டர்... மறந்துட்டேன்" என்றாள், குழறிக் குழறி.

கூனிக் குறுகிப் போனேன். "இல்ல டாக்டர். நான்தான் நிறுத்தினேன். நீங்க சொன்னதா இவகிட்ட பொய் சொன்னேன்."

ஷோபனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் நர்ஸ் சபீனா மாத்திரைகளோடு வந்தார். என்னிடம் நீட்டினார். நான் எழுந்து ஒதுங்கி நின்றேன்.

"நீங்களே குடுத்துடுங்க சிஸ்டர்."

"அவரே குடுக்கட்டும் சிஸ்டர்" என்றாள் லோகநாயகி. "இனிமே டாக்டரைக் கேட்டுக்கினுதான் குடுப்பாரு."

வலது கையை மெல்ல நீட்டினாள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. மாத்திரைகளை வைத்து, ஒவ்வொரு விரலாக நானே மடக்கிவிட்டேன்.