சுண்ணாம்பு படாத இடம்

சுரங்கத்தில் எனக்கு பெல்ட் ஒட்டுகிற வேலை. நிலக்கரியைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட், துண்டுதுண்டாக வந்து ஒட்டப்படுவது. ஒட்டப்போகும் இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசு தட்டி, துணியைக் கரைப்பானில் நனைத்துத் துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பசையைத் தொட வேண்டும். ஒரு கைரேகையின் எண்ணெய் போதும், இணைப்பு ஆறு மாதத்தில் வாயைப் பிளக்க. புதிதாக கான்ட்ராக்டில் சேரும் ஆட்களிடம் இதை அரைமணி நேரம் சொல்வேன். "இசக்கி அண்ணன் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு, டீ சொல்லுங்கடா" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஒரு பொருள் ஏன் ஒட்டுகிறது, ஏன் விடுகிறது என்பதை அறிந்துகொள்வதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

நான் இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. அதனால் குவார்ட்டர்ஸ் கிடையாது. டவுன்ஷிப்புக்கு வெளியே, வேணு என்பவரின் வீட்டு முன்பகுதியில் ஆவணி மாதம் குடியேறினோம். வேணு சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கலியம்மாள், மகன் ஜெயப்பிரகாஷ், மருமகள் சங்கீதா எல்லோரும் பின்பகுதியில். அவர்கள் ஊர் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, இந்த மனையில் வந்து கட்டிய வீடு.

சாவி கொடுக்கும்போது கலியம்மாள் இரண்டே விஷயம் சொன்னார்.

"செவுத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க தம்பி. அப்புறம், தை மாசம் மொத வெள்ளிக்கெழம நாங்க முன்கூடத்துல வந்து படைச்சிக்குவோம். ஒரு நாள்தான்."

"தாராளமா வாங்கம்மா" என்றேன். என்ன படையல், யாருக்கு என்று கேட்கவில்லை. ஆணி விஷயத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. ஏனென்றால் ஆணி இல்லாமல் படம் மாட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி அகிலாவிடம் ஐந்து படங்கள் இருந்தன. பெரியது, குற்றாலத்தில் ஈரத்தலையோடு நாங்கள் இருவரும் நிற்பது. மூன்று வாடகை வீடுகளாக அவை பழைய சேலைக்குள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. "படம் மாட்டாத வீடு லாட்ஜு மாதிரில்லா இருக்கு" என்பாள்.

இருபக்கமும் பசை உள்ள, இழுத்தால் கழன்று வருகிற ஒட்டுப்பட்டைகள் வாங்கி வந்தேன். அதன் வேலை அழகானது. வெளிப்பக்கமாகப் பிடித்து இழுத்தால் விடாது. அதன் வாலைப் பிடித்து, சுவரோடு சுவராகக் கீழே இழுத்தால், பட்டை ரப்பர்போல நீண்டு மெலியும். மெலிய மெலிய ஓரத்திலிருந்து சிறுகச் சிறுகப் பிடியை விடும். சுவருக்கு வலிக்காது. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாது; பட்டை மேலே இருக்கிற பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், பொடி உதிரும்போது படமும் விழும். அந்தக் கூடமோ வருஷாவருஷம் சுண்ணாம்பு அடித்த கூடம். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் விரல் வெளுத்தது. கிழக்குச் சுவரில், நெஞ்சு உயரத்தில், இரண்டு முழம் அகலத்துக்கு மட்டும் வெளுக்கவில்லை. சற்றுப் பழுப்பாக, கெட்டியாக இருந்தது.

"பார்த்தியா, இந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்காம விட்டிருக்காங்க" என்று அகிலாவிடம் சொன்னேன். ஏன் விட்டிருக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வி எனக்கு வரவில்லை. எதையும் ஏன் என்று கேட்கிறவன் நான்.

அந்த இடத்தில் மங்கலான மஞ்சள் கறை இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு பளிச்சென்று மஞ்சளானது.

"இது மஞ்சள்தூள். தண்ணி போட்டுத் தேய்ச்சா இப்படி வராது, ஸ்பிரிட்டுல உடனே கரையும். யாரோ சமையல் கையோட சுவத்தத் தொட்டிருக்காங்க."

"நல்லாத் துடைங்க" என்றாள் அவள். நான்கு பஞ்சு ஆனது. குற்றாலப் படத்தை அங்கே மாட்டினேன். மற்ற நான்கையும் கதவுகளில் ஒட்டினேன். வந்தவர்கள் எல்லோரிடமும் விளக்கினேன்.

தை பிறந்து, முதல் வெள்ளிக்கு முந்தின நாள் மாலை கலியம்மாள் வந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஜோடி நல்லா கீது. நாளைக்கு மட்டும் அத்த எறக்கி வெச்சிடுங்க தம்பி. அக்கா அங்கதான் இருக்கா."

"எந்த அக்கா?"

"எங்க வூட்டுக்காரருக்கு மொதல்ல கட்டுனவ. கனகம்னு பேரு. பூவும் பொட்டுமா போயிட்டா. அவள வெச்சுத்தான் நாங்க பூவாடைக்காரின்னு வூட்டு சாமி கும்புடறது. பழைய வூட்ட வுட்டு வரும்போது அவ செவுத்து மண்ண ஒரு கூடை பேத்தாந்து இங்க பூசினோம். வருசத்துக்கு ஒருதரம் மஞ்ச வெப்போம். பழைய மஞ்சள அழிக்கிறதில்ல, அதும்மேலயே வெச்சிக்கினு வர்றது. அதான் உங்ககிட்ட ஆணி வேணாம்னேன்."

தலையாட்டினேன். அவர் போன பிறகும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

"போயி சொல்லிருங்க" என்றாள் அகிலா. "தெரியாம செஞ்சதுதானே?"

"சொன்னா அவங்களுக்குத்தான் கஷ்டம். சரி பண்ணிடுவேன்."

அவர்களுடைய கஷ்டத்துக்காக என்று அப்போது நானே நம்பினேன். உண்மை வேறு. எதையும் சேதம் பண்ணாமல் செய்யத் தெரிந்தவன் என்று அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை ஒரு வார்த்தையில் இழக்க மனம் வரவில்லை.

பட்டையின் வாலைப் பிடித்து இழுத்தேன். அது முறைப்படி நீண்டது, மெலிந்தது. ஆனால் பழைய மண்ணுக்கு அந்த முறை தெரியவில்லை. உள்ளங்கையளவுக்கு ஒரு பொருக்கு பெயர்ந்து என் காலடியில் விழுந்து பொடியானது.

வீடு பார்க்க வந்த அன்றே எல்லாச் சுவர்களையும் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், பின்னால் பேச்சு வரக்கூடாது என்று. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்று வெறும் கறையாகத் தெரிந்தது இப்போதுதான் பிடிபட்டது: மேலிருந்து கீழாக விரல்களால் இழுத்த மஞ்சள் பட்டைகள், நடுவில் மங்கிய மூன்று குங்குமப் பொட்டுகள். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். கொஞ்சம் செம்மண் குழைத்து, பெயர்ந்த இடத்தை அடைத்து, விளிம்பு தெரியாமல் இருக்க கறை இருந்த பகுதி முழுவதும் மெல்லப் பூசி, மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தேன். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்தால் புதுசாகத் தெரியும் என்று உலர்ந்த தூளாகவே பஞ்சில் ஒற்றித் தேய்த்தேன். சுண்டுவிரலால் மூன்று பொட்டு. போனையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அகிலா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். ஜெயப்பிரகாஷ் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். வேணு வாழையிலையும் தேங்காயும் கொண்டுவந்தார். சங்கீதா கையில் புதுப் புடவை மடித்த தட்டு. கல்யாணமாகி அவளுக்கு இது இரண்டாவது தை.

"போன வருசம் இவதான் அக்காவுக்கு மஞ்ச வெச்சா. புது மருமவ கையால வெக்கிறது எங்க வழக்கம்" என்று கலியம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே சொம்பிலிருந்து தண்ணீரைக் கையில் அள்ளிச் சுவரில் தெளித்தார்.

தண்ணீர் பட்ட இடமெல்லாம் சிவந்தது.

மெதுவாகக்கூட இல்லை. ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் மஞ்சள் ரத்தநிறமாகி, துளி வழிந்த கோட்டிலெல்லாம் சிவப்பு இறங்கியது. எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் உலர்ந்து கிடக்கும்வரை ஒன்றையொன்று தொடாது. தண்ணீர் வந்தால்தான் சேரும். சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் எல்லோரும் கலக்குவது அதைத்தான்.

கலியம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. சொம்பு தரையில் விழுந்து உருண்டது.

"ஐயோ, அக்கா" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "போன வருசம் இன்னாடி பண்ண? எந்தக் கையால வெச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணலயே அத்த. நீங்க சொன்னாப்பலதான வெச்சேன்."

"முப்பது வருசமா என் கையால வெச்சேன், ஒரு தரம் கோவிச்சிக்கினாளா? உன் கை பட்டுத்தான் இப்புடி ஆயிக் கீது. நெசத்த சொல்லு, தலைக்குத் தண்ணி ஊத்திக்காம வந்தியா?"

"ஊத்திக்கினுதான் வந்தேன். மாமா, நீங்களாவது சொல்லுங்க."

வேணு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம் இல்லாம செவக்குமா" என்று மட்டும் சொன்னார்.

சங்கீதா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் போடாமல் அழுதாள். கலியம்மாள் விடவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் அவள் தாய்வீட்டை இழுத்தார், போன ஆடியில் அவள் சண்டை போட்டுக்கொண்டு போனதை இழுத்தார், இன்னும் வயிற்றில் ஒன்று தங்காததை இழுத்தார். "இப்பத்தான தெரியுது, எதனாலன்னு."

நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் எதிரே கடிகாரம் இருந்தது. பதினோரு நிமிஷம். அகிலா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதை எனக்குப் பதில் சொல்ல அவள் விரும்பவில்லை.

கடைசியில் பேசினேன். அப்போதும் நேராகப் பேசவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம். இதுல கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் ஈரத்துல சேர்ந்தா சிவக்கும். ஆரத்தி கரைக்கிறீங்கள்ல, அதேதான். சங்கீதா மேல ஒரு தப்பும் இல்ல."

என் குரல் பெல்ட் ஷெட்டில் பேசுகிற குரலாக இருந்தது. பொறுமையாக, தெளிவாக, கையை அசைத்து. பேசி முடித்ததும் எனக்கு மூச்சு இலகுவானது, எல்லாம் தீர்ந்ததுபோல.

கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னதை யோசித்தார். நல்ல மாணவர்கள் யோசிப்பதுபோல யோசித்தார்.

"ஆரத்தி சரி. ஆனா தம்பி, அந்த எடத்துல நாங்க சுண்ணாம்பே அடிக்கிறதில்லயே. சுண்ணாம்பு எப்புடி வந்துது?"

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். பின்னாலிருந்து முன்னால் சொன்னேன்: நேற்று பூசிய சுண்ணாம்பு, பெயர்ந்த மண், பட்டை, படம், ஆவணியில் துடைத்தது. போனில் பார்த்து விரலால் பொட்டு வைத்ததையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அடுத்ததைச் சொல்லாமல் நிறுத்த ஒரு இடம் கிடைக்குமா என்று தேடினேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காலி பண்ணுங்கள் என்பார் என்றும். அவர் சுவருக்கருகில் போய், சிவந்த இடத்தில் விரலை வைத்து, விரலைப் பார்த்தார்.

"தொடச்ச பஞ்ச இன்னா பண்ணீங்க?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

"முப்பது வருசத்து மஞ்ச தம்பி. அந்தப் பஞ்சுல தானே இருந்துது. அத்த எங்க போட்டீங்க?"

"குப்பையில போட்டேன்மா."

"வண்டி வந்து எடுத்துக்கினு போயிருப்பான்" என்றார் வேணு, யாருக்கும் பொதுவாக.

"ஆமாங்க."

கலியம்மாள் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சரி, மஞ்ச கொழைச்சி எடுத்துக்கினு வா சங்கீதா. நேரமாயிடப் போவுது" என்றார். சங்கீதா குழைத்துக் கொண்டுவந்தாள்.

"நீயே வையி."

"வேணாம் அத்த. நீங்களே வெச்சிடுங்க."

கலியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தானே கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அவர் இழுத்த மஞ்சள் சுண்ணாம்பின் மேல் சிவந்தது. சிவந்ததன் மேலேயே மறுபடி இழுத்தார். அதுவும் சிவந்தது. ஒரு முழம் தள்ளி, அந்தப் பழைய மண்ணில் நான் தொடாமல் விட்டிருந்த ஓரத்தில் இழுத்தபோதுதான் மஞ்சள் மஞ்சளாக நின்றது. அங்கே மூன்று பொட்டு வைத்துப் பூ சாத்தினார்.

படையல் முடிந்து இலை போட்டார்கள். எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அகிலா உட்கார்ந்தாள். நான் கைகழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். சங்கீதா தொட்டியடியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, தண்ணி பட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது என்றாவது.

"தெரிஞ்சுதும்மா" என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "எல செலவாயிடுச்சு, உங்களுக்குத் தட்டுல போடறேன். வாங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.