இரண்டு செட் தலைநகரம்

மாதவ் நம்பிராஜனுக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். மாட்டுங்கா ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் காட்டுவதற்காக மூன்று வட்டக் கூடாரம் போட்டுக் கொடுத்ததில் அட்வான்ஸ் போக மீதிக் காசு. ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. கணபதி பண்டிகைக்கு இன்னும் பத்தே நாள். நாளைக்குள் கூலி கொடுக்காவிட்டால் நம்பிராஜனின் ஆட்கள் நாலு பேரும் செம்பூர் காண்ட்ராக்டரிடம் போய்விடுவார்கள். சீசனில் ஆளில்லாத பந்தல்காரன் வீட்டில் உட்கார்ந்து மூங்கிலை எண்ண வேண்டியதுதான்.

நம்பிராஜன் வடாலாவில் மாதவ் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினான். மாதவ் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"கம்பெனிக்காரா இதை ஓகே பண்ணினாத்தான் எனக்கே பணம், நம்பிராஜன். மூணு தடவை திருப்பி அனுப்பிட்டா."

"எதை?"

மாதவ் கம்ப்யூட்டரைத் திருப்பினான். கண்ணுக்கெட்டும் மட்டும் புல்வெளி. மாட்டு வண்டிகள், குதிரைகள், கூடாரங்கள்.

"அந்தக் காலத்துல புல்வெளியில குதிரைமேல இருந்தே ராஜ்யம் ஆண்டாளே, அவாளை வச்சு இந்த விளையாட்டுக்குக் கற்பனையா ஒரு உலகம் பண்றேன். கல்லுல ஒரு நகரம் உண்டு. ஆனா ராஜா அங்கே வருஷத்துல ரெண்டு மாசம்தான். மீதி நாள் கூடாரத்துலதான்."

"பொறவு நகரத்துல யாரு இருக்கா?"

"கொல்லன், குயவன், தோல் வேலைக்காரன். ஜெயிச்ச ஊர்லேர்ந்து பிடிச்சுண்டு வந்தவா."

"தாராவின்னு சொல்லுங்க" என்று நம்பிராஜன் சிரித்தான். "அங்கயா கோளாறு?"

"இல்லை. கூடாரத் தலைநகரம் காலம்பற கலைஞ்சு, சாயங்காலம் வேற இடத்துல நிக்கும்னு எழுதியிருக்கேன். ஆயிரம் கூடாரம் எப்படி ஒரே நாள்ல எழும்பும்னு கேக்கறா."

நம்பிராஜன் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். அது போதும் அவனுக்கு.

"ராசா வண்டிய முன்னால விட்டிருக்கிய. தண்ணி வண்டி வாலுல வருது. ராசா வீடு கட்டி முடிக்கதுக்குள்ள சனம் நாக்கு வறண்டு செத்துரும். தம்பி, எங்கிட்ட பந்தல் செட்டு ரெண்டு. செம்பூர்ல தாலி கட்டும்போதே சுனாபட்டில அடுத்த பந்தல் ஏறிக்கிட்டிருக்கும். ராசாவுக்கும் ரெண்டு குடுங்க. ஒண்ணுல அவன் தூங்கட்டும். இன்னொண்ணு முந்துன நாளே போவட்டும். முதல்ல தண்ணி, அடுப்பு. பொறவு சுண்ணாம்புக் கோடு, எந்தத் தெரு எங்கன்னு. பின்னால வாரவன் அவனவன் கோட்டுக்குள்ள இறக்கிக்கிடுவான்."

மாதவ் உடனே கம்பெனி மேனேஜர் சாதனாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். சாதனா இந்தியில் ஒரே கூச்சல்: "அப்போ ராஜா எந்தக் கூடாரத்தில் தூங்குகிறான் என்று எதிரிக்கே தெரியாதே! இதுதான் வேணும். ஓகே. பணம் அடுத்த மாசம்."

மாதவ் தலையை ஆட்டிக்கொண்டே போனை வைக்கப் போனான். நம்பிராஜன் அவன் கையைப் பிடித்தான்.

"அட்வான்ஸ் வாங்காம நான் ஒரு மூங்கில்கூட இறக்க மாட்டேன். கேளுங்க தம்பி."

"எப்படிக் கேக்கறது..."

"வாயால."

மாதவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான். அந்தப் பக்கம் சாதனா கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பாதி இப்போதே போடுகிறேன்" என்றாள் சாதனா.

கால் மணி நேரத்தில் மாதவின் போனுக்குப் பணம் வந்தது. அவன் நம்பிராஜனுக்கு இருபதாயிரம் அனுப்பப் போனான்.

"எதுக்கு அம்புட்டு?"

"ஐடியா குடுத்தேளே."

"அதுக்குத் தனியா பில்லு போடுவேன், அது பெரிய பில்லு. இப்ப பந்தல் காசை மட்டும் அனுப்புங்க."

பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது சரியாக வந்து விழுந்தது. நம்பிராஜன் படி இறங்கும்போதே தன் ஆள் சுடலைக்கண்ணனைக் கூப்பிட்டான்.

"ஏல, செம்பூருக்கு ஒரு பயலும் போவக்கூடாது. கூலி வந்தாச்சு. மாதவ் கணக்கு முடிஞ்சு போச்சு."