திட்டு வாங்க வந்தவர்கள்

வங்காரப்பட்டினத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கப்பல் நின்ற துறையைப் பார்ப்பார்கள், இடிந்த பண்டகசாலையைப் பார்ப்பார்கள், அப்புறம் நேராக ராக்கன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எல்லாம் செம்மல் செய்த வேலை. திருக்கோகர்ணத்துக்காரன். ஒரு மத்தியானம் பசியோடு வந்து, ராக்கனிடம் வசவும் அவர் பெண்டாட்டி செவந்தியிடம் நண்டுக் குழம்பும் வாங்கித் தின்றுவிட்டுப் போனவன், பழைய துறைமுகத்துக்கென்று போனில் ஒரு பயணக் கைடு போட்டுவிட்டான். அதில் எழுதியிருந்தான்: ‘பண்டகசாலைக்குப் பின்னால் நீலக் கதவு வீடு. கிழவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். பயப்படாதீர்கள், அதுதான் வரவேற்பு. உள்ளே சாப்பாடு நிச்சயம்.’

அதோடு ராக்கனின் கோபத்துக்கு மரியாதை போயிற்று. மீன் ஏலக்காரனை ஒரே அதட்டலில் பின்வாங்க வைத்த வாய் அது. இப்போது ‘போடா’ என்றால் சிரித்துக்கொண்டே படம் பிடிக்கிறார்கள்.

அந்த வாரம் செவந்திக்குப் புதுக்கோட்டையில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. விறகடுப்புப் பக்கமே போகக் கூடாது, புகை பட்டால் கண் கெட்டுவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆனால் வாசலில் ஆள் குரல் கேட்டால் அவளுக்குக் கட்டிலில் இருப்புக் கொள்ளாது.

அன்றைக்கென்று பார்த்து ஒரு வேன் வந்தது. முன்னால் இறங்கியவன் செம்மலேதான்.

“அய்யா, கோயம்புத்தூர்லேருந்து வந்திருக்காங்க. ஒங்களப் பாக்கணும்னே.”

“பாத்தாச்சுல்ல? கெளம்பு. வீட்ல அவ ஒடம்புக்கு முடியாமக் கெடக்கா.”

வேனுக்குள் கைதட்டல். “ஆரம்பிச்சுட்டார்!” என்றாள் கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்.

“ஏத்தா, நெசமாத்தான் சொல்றேன். கண்ணு ஆபரேஷன் பண்ணிருக்கு.”

“சூப்பர் தாத்தா! கைடுல இருக்கறத விட நல்லா பண்றீங்க.”

ராக்கனுக்கு உச்சிக்கு ஏறியது. “கூத்தா கட்டுறேன்? ஒங்கப்பன் கட்டிவச்ச சத்திரமாடி இது?”

“ஐயோ, கேமரா ஆன் ஆகல. இன்னொரு தடவ சொல்லுங்க தாத்தா!”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. “ஆரு வந்திருக்கா? ஒல வைக்கட்டா?”

“நீ படுடி!”

சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது. ராக்கன் யாரிடமும் கும்பிட்டு நின்றவரில்லை. இப்போது கும்பிட்டார். “தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். இவுகள அங்கிட்டுக் கூட்டிட்டுப் போயிரு.”

செம்மல் காதோரம் குனிந்தான். “அய்யா, இப்படிக் கும்பிட்டா அவங்களுக்குச் சப்புனு போயிரும். வழக்கம்போல நாலு திட்டு திட்டுங்க. ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போயிருவாங்க.”

நீலக் கதவு வழியாகப் புகை வந்தது.

மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்கு ஊற்ற வாசலில் இரண்டு வாளிகளில் இருந்தது. ராக்கன் ஒன்றைத் தூக்கினார். வேன் கதவோரம் போய், மறிக்க வந்த செம்மலையும் சேர்த்து உள்ளே வீசி ஊற்றினார்.

அலறினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. படமும் பிடிக்கவில்லை.

“என்னய்யா அநாகரிகம் இது!” செம்மல் மூஞ்சியில் ஒட்டிய செதிலை வழித்தான். “ஒங்கள எழுதுனதே தப்பு. ஊருக்குப் போனதும் எடுத்துடறேன்!”

“ஊருக்குப் போயி என்ன? போனு கையிலதான இருக்கு? இப்பயே எடு.” ராக்கன் அடுத்த வாளியைத் தூக்கினார்.

செம்மல் எடுத்தான். எழுத்து வாசிக்க வராத ராக்கன் அவனை நம்பவில்லை; கண்ணாடிக்காரியிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இப்ப அதுல இல்லை, எடுத்தாச்சு” என்றாள்.

உள்ளே போய் மிச்ச வாளியை அடுப்பில் கவிழ்த்தார்.

“பாவி மனுசா, பட்டினியாவா அனுப்புன?” என்றாள் செவந்தி.

“ஆமா,” என்று அவள் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப் போனார்.